எதுவரை பிரிப்பது, மச்சான்?

ஜெலுத்தோங், பினாங்கு
ஞாயிறு இரவு

அன்புள்ள மச்சான்,

உன் கடிதம் புதன்கிழமை வந்தது. பேத்திக்குக் காதுகுத்து நல்லபடியாக முடிந்ததில் வீட்டில் எல்லாருக்கும் சந்தோஷம். வர முடியாமல் போனது எனக்குக் குறைதான். தங்கச்சியிடம் சொல்லிவை, தைப்பூசத்துக்கு நீங்கள் இரண்டு பேரும் இங்கேதான் தங்க வேண்டும். தண்ணீர்மலைக்கு இங்கிருந்தே போய்விடலாம்.

இனி வண்டி விஷயம். "முழுசாப் பிரிச்சுடு, திறந்ததை அரைகுறையா மூடாதே" என்று எழுதியிருந்தாய். முப்பது வருஷத்துக்கு மேல் செந்தூல் ரயில் பட்டறையில் ஃபிட்டராக இருந்தவன் சொல்வதைத் தட்ட எனக்கு மனசு வரவில்லை. ஆனால் மூன்று வாரமாக அந்த எஞ்சினோடு உட்கார்ந்து பார்த்ததில் வேறு முடிவுக்கு வந்திருக்கிறேன். ஏன் என்று உனக்குச் சொல்லியே ஆக வேண்டும்.

அப்பாவின் ஹோண்டா சி70 மோட்டார் சைக்கிள் உனக்குத் தெரியாததல்ல. மார்க்கெட்டுக்கும் கோயிலுக்கும் இன்றைக்கும் அதில்தான் போய்வருகிறேன். போன வருஷக் கடைசியில் பாயா தெருபோங் ஏற்றத்தில் இழுவை குறைந்தது, பின்னால் நீலப் புகை. காலையில் ஸ்டார்ட் செய்யும்போது மட்டும் புகைத்தால் வால்வு சீல் என்று விட்டுவிடலாம். இது ஆக்சிலேட்டரைத் திருகத் திருகப் புகைத்தது. சிலிண்டருக்குள் அழுத்தம் பார்க்கும் கம்ப்ரெஷன் கேஜ் வைத்து உதைத்தேன், 105 பிஎஸ்ஐதான் காட்டியது. ஒரு கரண்டி ஆயில் ஊற்றி மறுபடி உதைத்தேன், 140 வந்தது. பிஸ்டனைச் சுற்றியிருக்கும் ரிங்தான் போய்விட்டது என்று அப்போதே சொல்லியிருக்கலாம். ஆனால் இந்த மாதிரிச் சின்ன கப்சாய் வண்டியில் சிலிண்டர் படுத்துக் கிடக்கிறதே, ஊற்றிய ஆயில் அடிப்பக்கமே ஒதுங்கிவிடும். அதனால் அதை மட்டும் நம்பாமல் ஹெட்டைக் கழற்றினேன்.

அங்கேதான் எனக்குத் தூக்கிவாரிப் போட்டது. பிஸ்டன் தலையில் கரி ஓடு மாதிரி படிந்திருந்தது. மண்ணெண்ணெயில் ஊறவைத்து, மூங்கில் குச்சியைச் சீவி மெதுவாகச் சுரண்டினேன். கரி பெயர்ந்த இடத்தில் முதலில் ஒரு சுழியும் புள்ளியும், பிறகு 2, பிறகு 5. பிஸ்டன் தலையில் 0.25 என்று அச்சு. இந்த சிலிண்டர் பிளாக் ஏற்கெனவே ஒருமுறை போர் போட்டது, உள்ளே கடைந்து அகலப்படுத்தியது! அப்பா ஒரு வார்த்தை சொன்னதில்லை. ராத்திரி படுத்துக்கொண்டு யோசித்தபோதுதான் பிடிபட்டது. நாம் ஐந்தாம் படிவம் படித்த 1984இல், பத்துப் பன்னிரண்டு நாள் வண்டி வீட்டில் இல்லை, ஞாபகமிருக்கிறதா? அப்பா விடியலில் தோட்டத்தில் பேர் கூப்பிடும் பெரட்டுக்கு நடந்தே போவார். நாம் கேட்டதற்கு "வண்டிக்கு உடம்பு சரியில்ல" என்றார். அடுத்த வருஷம் பினாங்குப் பாலம் திறந்ததும் என்னைப் பின்னால் உட்கார வைத்து அக்கரையிலிருந்து தீவுக்குக் கூட்டிவந்தார். அந்த 0.25 பிஸ்டன்தான் எங்களைக் கடலுக்கு மேல் இழுத்து வந்திருக்கிறது.

இது வெறும் பழைய நினைப்பு இல்லை, மச்சான். என் கணக்கே அதிலிருந்துதான் மாறியது. சி70க்கு ஸ்டாண்டர்டு போர், அதாவது சிலிண்டரின் உள்விட்டம், 47 மில்லி. அதற்கு மேல் 0.25, 0.50, 0.75, 1.00 என்று நான்கு படி. ஒரு படி அப்பா எடுத்துவிட்டார், எனக்கு மூன்றுதான் மிச்சம். கடைந்தெடுத்த இரும்பு திரும்ப ஒட்டாது. மற்றதெல்லாம் தவறாகச் செய்தாலும் மறுபடி செய்யலாம். போல்ட்டை மாற்றலாம், சீலை மாற்றலாம், வால்வை மறுபடி அரைக்கலாம். பிளாக்கில் மட்டும் எடுத்தது எடுத்ததுதான்.

ஆயர் ஈத்தாமில் போர் போடும் கடைக்குத் தூக்கிக்கொண்டு போனேன். சீன ஃபோர்மேன், நம்மைவிட மூத்தவர். கப்சாயை இன்னும் 'பூன் சியூ' என்றுதான் சொல்கிறார். இந்த ஊருக்கு ஹோண்டாவைக் கொண்டுவந்த லோ பூன் சியூவின் பெயரே பழைய ஆள்களுக்கு வண்டியின் பெயராகிவிட்டது. கேஜை உள்ளே இறக்கி அளந்து காட்டினார். மேலே, ரிங் திரும்பும் இடத்தில் 47.36. அடியில் 47.27. வாயகன்ற தேய்மானம். பழைய ரிங்கை உள்ளே வைத்து வாய் இடைவெளி பார்த்தால் 0.7 மில்லி, 0.5க்கு மேல் போனாலே மாற்ற வேண்டியது. வெறும் புது ரிங் போட்டு மூடினால் பிஸ்டன் ஏறி இறங்கும் ஒவ்வொரு தடவையும் ரிங் விரிந்து சுருங்கும், ஆறு மாதம் தாங்காது. ஆகவே போர் போட்டே ஆக வேண்டும், அதில் உனக்கும் எனக்கும் பேச்சில்லை.

மகன் பெரிய பிளாக் போடலாம் என்கிறான். அதற்கு எஞ்சின் கேஸ் வாயையும் கடைந்து அகலப்படுத்த வேண்டும் என்று ஃபோர்மேன் சொன்னார். கேஸில்தான் எஞ்சின் நம்பர் அடித்திருக்கிறது, வண்டிப் பதிவு கிராண்டில் இருப்பதும் அதே நம்பர். அதைத் தொட நான் சம்மதிக்கவில்லை. "72 சிசி போதும்டா, தாத்தா இதிலதான் ரப்பர் பால் டின்னு சுமந்தாரு" என்றேன். பையன் முகம் வாடிவிட்டது. ஆனாலும் ஹெட் கழுவும் வேலை முழுக்க அவன்தான் செய்தான். போர்ட்டில் மண்ணெண்ணெய் ஊற்றி வைத்தோம். இன்டேக் வால்வு ஒரு சொட்டு விடவில்லை, எக்ஸாஸ்ட் பக்கம் ஓரம் நனைந்தது. அவனே பசை தடவி, உள்ளங்கைக்கு நடுவில் குச்சியை உருட்டி உருட்டி அரைத்தான். சீட்டைச் சுற்றிச் சாம்பல் நிறத்தில் ஒரே அளவு வளையம் வந்ததும் என்னைக் கூப்பிட்டுக் காட்டினான்.

இப்போது நீ கேட்ட கீழ்ப்பாதி. கேஸைப் பிளந்து, பிஸ்டன் சுற்றிவிடும் தண்டான கிரேங்கை வெளியே எடுக்க வேண்டுமா? பிஸ்டனையும் கிரேங்கையும் இணைக்கும் ராடைப் பிடித்து மேலும் கீழும் இழுத்துப் பார்த்தேன், துளி ஆட்டமில்லை. பக்கவாட்டில் கொஞ்சம் நகர்கிறது, அது இருக்க வேண்டியதுதான். வலது கவரைத் திறந்து கிளட்ச்சுக்குள் இருக்கும் ஆயில் பில்டரைக் கழற்றினேன். இந்த வண்டிக்குக் காகித பில்டர் கிடையாது, சுழற்சியில் கசடெல்லாம் அங்கேதான் ஒதுங்கும். விபூதியைக் குழைத்த மாதிரி ஒரு கசடு. விரலில் தேய்த்து வெயிலில் பிடித்துப் பார்த்தேன், மினுக்கே இல்லை. பேரிங் உதிர்ந்திருந்தால் அங்கே வெள்ளி மாதிரி பொடி மின்னியிருக்கும். மேக்னெட் பக்கம் ஆயில் கசிந்தது, அந்த சீலைக் கேஸைப் பிளக்காமலே மாற்றியாகிவிட்டது. கேம் செயினையும் அதை அழுத்தும் ரப்பர் உருளைகளையும் மாற்றிவிட்டேன்.

உன் பட்டறையின் நியாயம் எனக்குப் புரிகிறது. ரயில் எஞ்சின் நடுவழியில் நின்றால் பின்னால் வரும் வண்டியெல்லாம் நின்றுபோகும். கெடுவதற்கு முன்பே, நாள் குறித்து, முழுசாகப் பிரிக்கத்தான் வேண்டும். என் வண்டி நின்றால் அரை மைல் தள்ளிக்கொண்டு போவேன். அதோடு இந்த கிரேங்க் பல துண்டுகளை அழுத்திச் சேர்த்தது. பிரித்து ராடு மாற்றினால் மறுபடி அழுத்தி, நூலிழை பிசகாமல் நேர்ப்படுத்த வேண்டும். என் மச்சினர் வண்டிக்கு ஒரு கடையில் அப்படிச் செய்தார்கள். ஒரு குறையும் இல்லாத கிரேங்க், "எதுக்கும் மாத்திடுவோம்" என்று மாற்றினார்கள். அன்றிலிருந்து ஐம்பதைத் தாண்டினால் கால் மரத்துப்போகிற அளவுக்கு அதிர்கிறது. ஜப்பானில் அழுத்திச் சேர்த்தது நாற்பது வருஷத்துக்கு மேல் ஓடியும் ஆடாமல் இருக்கிறது. அதைப் பிரித்துவிட்டு, எங்கே செய்தது என்றே தெரியாத ராடை உள்ளே போட எனக்குக் கை வரவில்லை.

அதனால் இவ்வளவுதான் செய்யப்போகிறேன்: 0.50 பிஸ்டன், புது ரிங், அரைத்த வால்வு, சீல்கள். ஒரேயடியாக 1.00க்குப் போகலாம், பிஸ்டன் சுலபமாகக் கிடைக்கும் என்றும் ஒரு கடையில் சொன்னார்கள். நான் அலைந்து திரிந்து 0.50 வாங்கிவிட்டேன். பிஸ்டனைக் கையில் கொடுத்தால்தான் அதன் அளவுக்குக் கடைய முடியும் என்கிறார் ஃபோர்மேன், செவ்வாய்க்கிழமை இரண்டையும் கொண்டுபோகிறேன். இன்னும் இரண்டு படி பிளாக்கில் இருக்கும். அது மகனுக்கோ அவன் பிள்ளைக்கோ.

ஒரே ஒரு இடத்தில்தான் எனக்குச் சந்தேகம். மேக்னெட் பக்கம் ஷாஃப்டைத் தூக்கிப் பார்த்தால் ஏதோ அசைகிற மாதிரி ஒரு சமயம் தெரிகிறது, ஒரு சமயம் தெரியவில்லை. மெயின் பேரிங்காக இருந்தால் நீ சொன்னதுதான் சரி, கேஸைப் பிளந்துதான் ஆக வேண்டும். என் விரலை நான் நம்பவில்லை. நீ ஓய்வு பெற்றபோது கொண்டுவந்த, நூலிழை அசைவையும் அளக்கும் அந்த டயல் கேஜை வரும்போது மறக்காமல் எடுத்து வா. நீ அளந்து சொல்லும்வரை இடது கவரை மூடாமல் வைத்திருக்கிறேன்.

தங்கச்சிக்கும் பிள்ளைகளுக்கும் என் அன்பு.

உன் மச்சான்