பட்டாவில் தங்கச்சி பெயரும் இருக்கட்டும்

அன்புள்ள சாமிக்கு,

அம்மா எழுதுகிறேன். இங்கே எல்லாரும் சுகம். மஸ்கட்டில் வெயில் ஏற ஆரம்பித்திருக்கும், மத்தியானத்தில் வெளியே நிற்காதே. அப்பா விட்டுப்போன நிலத்தின் பட்டாவை உன் பெயருக்கு மாற்ற வேண்டும் என்று நீ போனில் கேட்டதற்கு அன்றைக்கு நான் ஒன்றும் சொல்லவில்லை. மகளிர் தின விழா முடியட்டும் என்றிருந்தேன். இப்போது எழுதுகிறேன். போனில் என்றால் நீ குறுக்கே பேசுவாய், நானும் பாதியில் விட்டுவிடுவேன்.

விழா மாரியம்மன் கோயில் திடலில்தான் நடந்தது. பள்ளிக்கூட மைதானத்தில் வைத்துக்கொள்ளுங்கள் என்றார்கள் ஊர்ப் பெரியவர்கள். பள்ளிக்கூடம் ஊரைத் தாண்டி இருக்கிறது. அங்கே வைத்தால் நாங்களே பேசி நாங்களே கேட்டுவிட்டுத் திரும்ப வேண்டியதுதான். ஊரிலுள்ள நாலு மகளிர் சுய உதவிக் குழுவும் சேர்ந்து தீர்மான நோட்டில் எழுதிக் கையெழுத்துப் போட்டுக் கொண்டுபோய் நின்றோம். "பண்டிகைக்கு வரி வசூலிக்க மட்டும் எங்கள் வீட்டுக்கு வருகிறீர்களே" என்று உன் பெரியம்மா கேட்ட பிறகுதான் சம்மதித்தார்கள். ஆளுக்கு 200 ரூபாயும் ஒரு படி கேழ்வரகும் போட்டோம். மத்தியானம் களியும் கீரைக் கடைசலும் எல்லாருக்கும்.

மார்ச் 8 என்றால் வழக்கமாகக் கோலப்போட்டி, மியூசிக்கல் சேர், எவர்சில்வர் டப்பா பரிசு. இந்தத் தடவை அது வேண்டாம் என்று முதல் கூட்டத்திலேயே முடிவெடுத்தோம். தினமும்தான் வாசலில் கோலம் போடுகிறோம், அதற்கு ஒரு விழாவா? அவரவர் வீட்டு நிலத்துப் பட்டா நகலைக் கொண்டுவர வேண்டும். அதில் யார் பெயர் இருக்கிறது என்று மைக்கில் வாசிக்க வேண்டும். அதுதான் நிகழ்ச்சி.

கேட்கக் கேட்க எனக்கு நெஞ்சு அடைத்தது, சாமி. ஒருத்திக்கு மாமனார் பெயர். ஒருத்திக்கு மாமனாரின் அப்பா பெயர், அவர் செத்தே எத்தனையோ வருஷம். ஒருத்திக்குக் கொழுந்தன் பெயர். அந்தக் காட்டில் களை வெட்டுவதும் கடலை பிடுங்குவதும் இவர்கள். தன் பெயரைத் தானே வாசித்தவர்கள் மூன்றே பேர். அதிலும் இரண்டு பேருக்குப் புருஷன் போன பிறகு மாறியது. ஊராட்சித் தலைவியாக இருந்தாளே அந்த அக்கா, அவள் பதவியில் இருந்த காலமெல்லாம் மேடையில் பேசியது அவள் புருஷன்தான். அன்றைக்கு அவளே மைக்கைப் பிடித்து, "எனக்கென்று ஒரு சென்ட் கூட இல்லை" என்றாள். அதற்குமேல் பேச முடியாமல் இறங்கிவிட்டாள்.

பிறகு மாவட்டச் சட்டப் பணிகள் ஆணைக்குழுவிலிருந்து வந்த வக்கீல் பெண் பேசினாள். உன் தங்கச்சி வயதுதான் இருக்கும். பெண்ணாக இருந்தால் வருமானக் கணக்குப் பார்க்காமல் இலவசமாக வக்கீல் வைத்துத் தருவார்களாம், நிறையப் பேருக்கு அதுவே புதிது. பெண்ணுக்கும் சொத்தில் சம பங்கு என்று 1929-லேயே செங்கல்பட்டு சுயமரியாதை மாநாட்டில் தீர்மானம் போட்டார்கள். தமிழ்நாட்டில் அது சட்டமாக 1989 வரை ஆயிற்று. ஆனால் அந்தச் சட்டம் 1989 மார்ச் 25-க்கு முன்பே கல்யாணமான பெண்களை விட்டுவிட்டது. எனக்கு 1988-ல் கல்யாணம். 2005-ல் மத்திய அரசு சட்டத்தைத் திருத்தியபோதுதான் அந்தத் தடை போனது. அந்தத் திருத்தம் வருவதற்கு முன்பே அப்பா இறந்திருந்தாலும் பூர்வீகச் சொத்தில் மகளுக்குப் பங்கு உண்டு என்று 2020-ல் உச்ச நீதிமன்றம் சொன்னது.

உன் தாத்தா போன பிறகு மாமா என்னை ரிஜிஸ்டர் ஆபீசுக்குக் கூட்டிப்போய் என் பங்கை விட்டுக்கொடுப்பதாக விடுதலைப் பத்திரத்தில் கையெழுத்து வாங்கியதை உனக்கு நான் சொன்னதில்லை. ஒரு பட்டுப் புடவை எடுத்துக் கொடுத்தார். கேட்டிருந்தால் பிறந்த வீட்டு வாசல் அடைந்திருக்கும். உன் காதுகுத்துக்கு மாமன் சீர் வந்திருக்காது. நம் ஊரில் ஒவ்வொரு பெண்ணையும் கையெழுத்துப் போட வைப்பது இந்தப் பயம்தான். பதிவான பத்திரம் பதிவானதுதான் என்றாள் அந்த வக்கீல். என் கதை முடிந்தது, இனி அதைக் கிளற மாட்டேன்.

ஆனால் தங்கச்சியை அந்த ஆபீஸ் பெஞ்சில் உட்கார வைக்க என்னால் முடியாது. கூப்பிட்டால் வருவாள், மறுபேச்சுப் பேசாமல் போடுவாள். அதனால்தான் கூப்பிடக் கூடாது. உன் அப்பா உயில் எழுதவில்லை. அந்த இரண்டு ஏக்கரில் நீ, அவள், நான் மூன்று பேருக்கும் சமம். வீடு கட்டக் கடன் வாங்கப் பட்டா உன் பெயருக்கு வேண்டும் என்றாய். உன் பங்குக்குத் தனிப்பட்டா வாங்கிக்கொள், அதன் மேல் கடன் வாங்கு. போதாவிட்டால் குழுவில் என் பெயரில் கடன் எடுத்துத் தருகிறேன். நீ அந்த வெயிலில் சம்பாதிக்கும் காசு எப்படி வருகிறது என்று எனக்குத் தெரியாதா? உனக்குக் குறைய வேண்டும் என்று எந்தத் தாய் நினைப்பாள்? அவள் பங்கை மட்டும் தொடாதே.

வாரிசுச் சான்றிதழுக்கு இ-சேவை மையத்தில் மனுப் போட்டுவிட்டேன், மூன்று பேர் பெயரும் சேர்த்து. சித்திரைத் திருவிழாவுக்கு வரும்போது ஆதார் அட்டையை மறக்காமல் எடுத்து வா. பாகப்பிரிவினைப் பத்திரத்தை அப்போதே எழுதிப் பதிந்துவிடலாம்.

தங்கச்சியிடம் இதை நான் இன்னும் பேசவில்லை. நீயே சொல்ல வேண்டும். அண்ணன் வாயால் கேட்டால்தான் அவள் நம்புவாள். மில்லிலிருந்து வர ராத்திரி எட்டாகிவிடுகிறது, அதற்கு மேல் கூப்பிடு.

அன்புடன்,
அம்மா