ஓவியத்தை வெட்டாம போடுங்க

ஆசிரியருக்கு வணக்கம்.

ரெண்டு மாசத்துக்கு முன்னாடி உங்க ஞாயிறு இணைப்புல ஆஸ்திரியா ஓவியர் எகான் ஷீலே 1912ல தன்னையே வரைஞ்ச ஆயில் பெயிண்டிங் வந்திருந்துச்சு, முகம் மட்டும், பேப்பரோட ஒத்தைப் பத்திக்குள்ள அடங்குற மாதிரி நெடுக்க வெட்டி. நான் ஆயில் கத்துக்க ஆரம்பிச்சு ஒரு வருஷம் ஆகுது, தலையை சாய்ச்சு அவர் பார்க்குற அந்தப் பார்வை என்னை விடவே இல்ல, அதனால அந்த பேப்பர் துண்டையே கேன்வாஸ் வைக்கிற ஸ்டாண்டுல ஒட்டிக்கிட்டு ரெண்டுக்கு மூணடி கேன்வாஸ்ல பார்த்து வரைஞ்சேன், மூணு வாரம் ஆச்சு. முகம் ஓரளவு வந்துச்சு ஆனா உதடு மட்டும் ஏன் அவ்ளோ சிவப்புன்னு புரியவே இல்ல, லிப்ஸ்டிக் போட்ட மாதிரி துருத்திக்கிட்டு நின்னுச்சு.

அப்புறம்தான் முழுப் படத்தை பார்த்தேன். அது நெட்டுக்குத்தான படமே இல்லங்க, அகலவாக்குல உள்ளது. முகத்துக்குப் பக்கத்துல ஒரு செடி, அதுல சிவப்பு சிவப்பா கூண்டு மாதிரி காய் தொங்குது. நம்ம ஊர் சொடக்கு தக்காளி இருக்கே, சின்ன வயசுல நெத்தியில அடிச்சு உடைப்போமே, அதோட இனம்தான். அந்தக் காயோட சிவப்புக்கு பதில் சொல்றதுதான் உதட்டு சிவப்பு! செடியை வெட்டிட்டா உதட்டுக்கு ஜோடியே இல்லாம போயிடுது.

சைஸும் அப்படித்தான். வியன்னா லியோபோல்ட் மியூசியத்துல இருக்குற அந்தப் படம் 32.2 சென்டிமீட்டர் உயரம், 39.8 அகலம், அவ்வளவுதான், உங்க பேப்பரோட ஒரு பக்கத்தை விட சின்னது, அதுவும் கேன்வாஸ் இல்ல, மரப்பலகை. இது தெரியாம நான் ரெண்டடிக்கு இழுத்ததுல அவர் பொடிப் பொடியா வச்ச கோடெல்லாம் என் படத்துல வெறும் பட்டையா போச்சு.

இப்ப அதே அளவுக்கு பிளைவுட் வெட்டி ஜெஸ்ஸோங்கிற வெள்ளை அடிப்பூச்சு அடிச்சு மறுபடி ஆரம்பிச்சிருக்கேன். முதல் தடவை வெள்ளை, எல்லோ ஆக்கர், பர்ன்ட் சியன்னா கலந்து தோல் கலர்னு ஒண்ணு செஞ்சு முகம் பூரா வழவழன்னு தடவிட்டேன், காலண்டர் முகம் மாதிரி ஆயிடுச்சு. அவர் அப்படி தடவல, கன்னத்துல பச்சை, சிவப்பு, நீலம்னு தனித்தனியா பக்கத்துல பக்கத்துல வைக்கிறார், தள்ளி நின்னு பார்த்தா அதுவே சதையா தெரியுது. ஈரத்துல பச்சை மேல சிவப்பு வச்சா சேறாயிடும், காத்திருக்கணும், முதல் பூச்சு டர்பன்டைன் ஊத்தி மெலிசா, மேல போகப் போக லின்சீட் ஆயில் கூட்டணும். இதெல்லாம் புஸ்தகத்துல படிச்சதுதான், ஆனா ஒருத்தர் வரைஞ்சதை அப்படியே திருப்பி வரையும்போதுதான் கைக்கு ஏறுது. காப்பி அடிக்கிறதுன்னு சிலர் மட்டமா பேசுறாங்க, எனக்கு அதுல கொஞ்சமும் உடன்பாடு இல்ல. இதை வரையும்போது ஷீலேவுக்கு வெறும் 22 வயசு, 1918ல ஸ்பானிஷ் ஃப்ளூல மனைவி இறந்த மூணாவது நாள் அவரும் போயிட்டார், 28 வயசுல. அந்தக் கை என்ன யோசிச்சுதுன்னு தெரிஞ்சுக்க எனக்கு இதை விட நல்ல வழி தெரியல.

அதனால கேட்டுக்கிறேன், இனிமே ஓவியம் போட்டா முழுசா போடுங்க. கீழ ஒரே வரில வருஷம், எது மேல எதால வரைஞ்சது, உயரம், அகலம், எந்த மியூசியம்னு போடுங்க. இடம் பத்தலைன்னா படத்தை சின்னதாக்குங்க, வெட்டாதீங்க. என்னை மாதிரி வீட்டுல உக்காந்து பேப்பரைப் பார்த்து கத்துக்கிறவங்க நிறைய பேர் இருப்பாங்க.

இப்படிக்கு,
உங்கள் நீண்ட நாள் வாசகி,
மதுரை