பேட்டரியைச் சோதிக்காமலே புதிய கார் வாங்கச் சொல்வது குறித்த புகார்

அனுப்புநர்: தங்கள் வாடிக்கையாளர், காரைக்குடி, சிவகங்கை மாவட்டம்.
பெறுநர்: மேலாளர், வாடிக்கையாளர் குறைதீர்ப்புப் பிரிவு.

மதிப்பிற்குரிய ஐயா,

2020ஆம் ஆண்டு தங்களிடம் வாங்கிய மின்சாரக் காரில் கண்டாங்கிச் சேலைகளை ஏற்றிக்கொண்டு வாரம் மூன்று முறை மதுரைக்குச் சென்று வருகிறேன். முன்பு முழு சார்ஜில் 210 கிலோமீட்டர் ஓடிய வண்டி, இப்போது 100 கிலோமீட்டரைத் தாண்டவே தடுமாறுகிறது. ஓட்டம் 1,60,000 கிலோமீட்டரைக் கடந்துவிட்டதால் உத்தரவாதம் முடிந்துவிட்டது என்பதை நான் மறுக்கவில்லை. இலவசமாக எதையும் கேட்கவும் இல்லை.

சென்ற மாதம் மதுரையில் உள்ள தங்கள் சர்வீஸ் சென்டரில் வண்டியை விட்டேன். அரை மணி நேரத்தில், பேட்டரி முழுவதையும் மாற்ற 5,80,000 ரூபாயும் அதன்மேல் 18 விழுக்காடு ஜிஎஸ்டியும் ஆகும் என்றார்கள். அடுத்த நிமிடமே விற்பனைப் பிரிவு ஊழியர் வந்து, பழைய வண்டியை 1,50,000 ரூபாய்க்கு எக்ஸ்சேஞ்சில் எடுத்துக்கொள்வதாகவும், 14,50,000 ரூபாய் விலையுள்ள புதிய கார் வாங்குவதே நல்லது என்றும் வற்புறுத்தினார். புதிய மின்சாரக் காருக்கு 5 விழுக்காடு வரிதான் என்பதையும் எடுத்துச் சொன்னார். வரி அரசு விதித்தது. அதற்குத் தங்களைக் குறை சொல்ல மாட்டேன். ஆனால் வண்டியின் உடல், மோட்டார், பிரேக் எல்லாம் நன்றாக இருக்கும்போது மேலும் 13 லட்சம் ரூபாய் நான் ஏன் செலவிட வேண்டும்?

பேட்டரி முழுவதும் ஒரே சீராக மூப்படைந்திருந்தால், சார்ஜ் அளவும் சீராகக் குறைய வேண்டும். என் வண்டியிலோ, மதுரைக்குச் சற்று முன்னால் உள்ள ஒத்தக்கடையை நெருங்கும்போது 38 விழுக்காடு காட்டும் அளவு திடீரென்று 15க்கு இறங்கிவிடுகிறது. பேட்டரிக்குள் தொடராக இணைக்கப்பட்ட சிறு மின்கலங்களான செல்களில் ஒன்றிரண்டு நலிந்தாலும், மற்றவற்றில் மின்சாரம் மிச்சமிருக்கும்போதே பேட்டரி முழுவதும் கையை விரித்துவிடும். அப்படியானால் அந்தச் செல்கள் உள்ள தொகுப்பான ஒரு மாட்யூலை மாற்றினாலே போதுமானதாக இருக்கலாம். இதைக் கண்டறிய ஒவ்வொரு செல்லின் மின்னழுத்தத்தையும் காட்டும் அறிக்கையைக் கேட்டதற்கு, "அதெல்லாம் உங்களுக்குப் புரியாது சார்" என்று பதில் வந்தது. பேட்டரிகளை ஆராயும் மத்திய மின்வேதியியல் ஆய்வகம் 1953 முதல் இயங்கிவரும் ஊரிலிருந்து வருகிறேன்; அந்தப் பதில் என்னை மிகவும் புண்படுத்தியது. புரிந்தாலும் புரியாவிட்டாலும், அது என் வண்டியின் அறிக்கை.

மேலும், 2022ஆம் ஆண்டின் பேட்டரிக் கழிவு மேலாண்மை விதிகளின்படி, பயன்பாடு முடிந்த பேட்டரியைத் திரும்பப் பெற்று மறுசுழற்சிக்கு அனுப்பும் பொறுப்பு உற்பத்தியாளருடையது. எனக்குத் தந்த விலைப்புள்ளியிலோ பழைய பேட்டரியைப் பற்றி ஒரு வரிகூட இல்லை.

ஆகவே, செல் வாரியான சோதனை அறிக்கை, மாட்யூலை மட்டும் மாற்றுவதற்கான விலை, அது இயலாதெனில் அதற்கான தொழில்நுட்பக் காரணம், பழைய பேட்டரிக்குக் கழித்துக்கொள்ளும் தொகை ஆகியவற்றை 30 நாள்களுக்குள் எழுத்து மூலம் தெரிவிக்கக் கோருகிறேன். தவறினால், 2019ஆம் ஆண்டின் நுகர்வோர் பாதுகாப்புச் சட்டத்தின்கீழ் மாவட்ட நுகர்வோர் ஆணையத்தில் முறையிடுவேன்.

இப்படிக்கு,
தங்கள் வாடிக்கையாளர்,
காரைக்குடி.