கணக்கு சாரின் வழுதலங்காய்

நாகர்கோவில்

எடே மணி,

போனை எடுக்கலைன்னு ஏசாதே. ஆனி மழை பிடிச்சதும் உரக்கடையில நிக்க இடமில்ல. அம்மைக்குக் கண் ஆபரேஷன் நல்லபடியா முடிஞ்சுது. இப்போ சீரியல்ல வாறவளுவ சேலைக்கெல்லாம் விலை சொல்லுதா.

சேதி என்னன்னா, நம்ம கணக்கு சார் மாடித்தோட்டம் போட்டிருக்காரு. சிரிக்காதே. கனகமூலம் சந்தையில கீரைக்கட்டுக்குப் பேரம் பேசியே கடைக்காரியை அழ வச்ச மனுசன், பை, தென்னைநார்க் கழிவுக் கட்டி, மண்புழு உரம், ஸ்பிரேயர்னு சொன்ன விலையை எண்ணி வச்சாரு. முதல்ல காய்ச்ச வழுதலங்காயை, அதான் உங்க ஊரு கத்திரிக்காயை, கடைக்கே கொண்டுவந்து காட்டினாரு. "கிலோ என்ன அடக்கம் சார்?"னேன். "அதைக் கணக்குல எடுக்காதடே"ன்னுட்டாரு. யாரு, நம்ம சார்!

மிச்சம் பிடிக்கத்தான் செடி வைக்காங்கன்னு சொல்லுதவன் என் கல்லாவுல வந்து இருக்கணும். 2023 ஜூலையில தக்காளி கிலோ 100 ரூபாயைத் தாண்டி, ரேஷன் கடையில 60-க்கு வித்தாங்களே, அப்போ எனக்குத் தக்காளி விதை நிக்கல. காய்க்க ரெண்டு, மூணு மாசம் ஆவும்னா யாரு கேக்கா? இவங்க பழம் பறிக்கையில சந்தையில விலை விழுந்தாச்சு.

இப்போ வாறவங்க வாயில முதல்ல வாறது "விஷமில்லாத காய்". 2015-ல நம்ம காய்கறியில மருந்து இருக்குன்னு கேரளாக்காரன் பிரச்சினை கிளப்பினானே, அதுல இருந்தே இந்தப் பேச்சு உண்டு. கைப்பிள்ளை இருக்கிற வீட்டுக்காரங்கதான் கூடுதல். நல்லதுதான். ஆனா வெண்டையில மாவுப்பூச்சி ஏறினா, அதே ஆளு ஓடிவந்து "ஒரே அடியில சாவுத மருந்து குடுங்கண்ணே"ங்காரு. வேப்பெண்ணெய் லிட்டருக்கு 5 மில்லி, கொஞ்சம் சோப்பு கலந்து இலைக்கு அடியில அடிங்கன்னா முகம் சுருங்குது. மருந்து அடிச்சா டப்பாவுல போட்டிருக்கிற நாள் கழியாம பறிக்கப்படாது. வெண்டையோ ஒண்ணுவிட்டு ஒருநாள் பறிக்கலைன்னா முத்திப்போவும். பொறுப்பாங்களா? அந்தக் காயைத்தான் பிள்ளைக்கு அவிச்சுக் குடுப்பாங்க.

நெனச்சா ராத்திரி உறக்கம் வரலடே. மாடிக்குன்னு கேட்டா மருந்து இல்லைன்னு சொல்லலாம்னு இருக்கேன். செல்வி, "அடுத்த கடையில வாங்குவான், உமக்குத்தான் நட்டம்"ங்கா. அதுவும் சரிதான்.

நீ சென்னையில 2013-ல மானியத்துல வாங்கின மாடித்தோட்டப் பையில இப்போ துணி கிளிப்பு கிடக்காமே, மைனி சொன்னா. ஏன் விட்டே? பூச்சியா, மடியா? பொய் சொல்லாம எழுது, எனக்கு வியாபாரத்துக்கு ஆவும்.

உன்,
சுயம்பு