பாதிக் கதையாவது சொல்லு மக்களே

மக்களே,

நேற்று நீ சொன்னதைப் பற்றித்தான் எழுதுகிறேன். போனில் பேச ஆரம்பித்தால் உனக்கு டியூட்டிக்கு நேரமாகிவிடுகிறது, இங்கே மழையில் சிக்னல் போய்விடுகிறது. எழுதினால் முழுவதையும் சொல்லிவிடலாம். தம்பி இதைப் போட்டோ எடுத்து வாட்ஸ்அப்பில் அனுப்புவான். நிதானமாக உட்கார்ந்து படி.

இளையோர் நாவல்களைப் பற்றி நீ பேசிப் போடுகிறாயே, அந்தப் புத்தக வீடியோ எதுவும் இனிமேல் போடப்போவதில்லை என்றாய். கூட வேலை செய்கிறவள் ஒருத்தி, இந்த வயதிலும் சின்னப் பிள்ளைகள் படிக்கிற கதையா என்று கேட்டாளாம். பார்க்கிறவர்களும் குறைவுதான் என்றாய். மக்களே, நீ நிறுத்தக் கூடாது. அதைச் சொல்லத்தான் இந்தக் கடிதம்.

முதலில் வயது. பன்னிரண்டு முதல் பதினெட்டு வயதுக்காரர்களுக்கு என்றுதான் அந்த நாவல்களைப் பதிப்பிக்கிறார்கள், சரி. ஆனால் வாங்குகிறவர்கள் யார்? 2012இல் அமெரிக்காவில் எடுத்த கணக்கில், அப்படிப்பட்ட புத்தகங்களை வாங்கியவர்களில் 55 சதவீதம் பேர் பதினெட்டும் அதற்கு மேலும் வயதானவர்கள். பெரும்பாலும் தங்களுக்கென்றே வாங்கியிருக்கிறார்கள். போன தடவை வந்தபோது நீ எனக்கு விட்டுப்போனாயே, மார்க்கஸ் சூசாக் எழுதிய 'தி புக் தீஃப்', அதையே பார். 2005இல் ஆஸ்திரேலியாவில் அது பெரியவர்களுக்கான நாவலாக வந்தது. அமெரிக்காவுக்குப் போனதும் இளையோர் பகுதியில் வைத்தார்கள். எந்த அலமாரியில் வைப்பது என்பது விற்கிறவர்களின் ஏற்பாடு. அதை வைத்து உன் வயதை யாரும் அளக்க வேண்டாம்.

அந்தப் புத்தகத்தை நான் டிக்‌ஷனரியைப் பக்கத்தில் வைத்துக்கொண்டு பையப் பையத்தான் படித்தேன். கதையைச் சொல்வது மரணம் என்று முதலில் பிடிபடவே இல்லை. பிடிபட்ட பிறகு புத்தகத்தைக் கீழே வைக்க முடியவில்லை. தம்பியைப் புதைத்த இடத்தில் கிடந்த புத்தகத்தை எடுத்துக்கொண்டு, யாரோ ஒருவர் வீட்டுக்கு வளர்ப்புப் பிள்ளையாக வருகிறாள் அந்தப் பெண். எழுத்துக்கூட்டத் தெரியாது. ராத்திரியில் கெட்ட கனவு கண்டு அலறி எழும்போது, வளர்ப்பு அப்பா பக்கத்தில் வந்து உட்கார்ந்து எழுத்துச் சொல்லிக்கொடுக்கிறார். அவர் வீட்டுக்குப் பெயின்ட் அடிக்கிற ஆள். முதலில் உப்புத்தாளின் பின்பக்கத்தில் எழுதுகிறார், அப்புறம் நிலவறைச் சுவரிலேயே பெயின்டால் எழுதுகிறார். அந்த இடத்தில் உன் அப்பாவை நினைத்துக்கொண்டேன். நீ ஒன்றாம் வகுப்பில் இருந்தபோது, ரப்பர் ஷீட் உலர்த்துகிற புகைப்புரைக் கதவில் கரித்துண்டால் 'அ' போட்டுக் காட்டினாரே, அந்த அப்பாவை. ஹிட்லர் காலத்து ஜெர்மனிக்கும் நம் குழித்துறைக்கும் என்ன சம்பந்தம்? ஒன்றும் இல்லை. இருந்தும் படிக்கும்போது இருந்தது. இதைப் போய்ச் சின்னப் பிள்ளைகள் கதை என்று ஒருத்தி சொன்னால், அவள் இன்னும் படிக்கவில்லை என்றுதான் நான் எடுத்துக்கொள்வேன்.

அடுத்தது, பார்க்கிறவர்கள் குறைவு என்றாயே, அது. 'தி அவுட்சைடர்ஸ்' பற்றி நீ பேசின வீடியோவை நான் திரும்பத் திரும்பப் பார்த்தேன். அதை எழுத ஆரம்பித்தபோது எஸ். ஈ. ஹின்டனுக்குப் பதினைந்து வயது, 1967இல் புத்தகமாக வந்தபோது பதினெட்டு. பையன்களின் சண்டையையும் சிநேகத்தையும் ஒரு பெண் எழுதினாள் என்றால் விமர்சகர்கள் மதிக்க மாட்டார்கள் என்று பதிப்பகத்தார் பயந்து, பெயரை வெறும் முதலெழுத்துகளாகப் போட்டார்கள் என்று சொன்னாய். அதோடு நீ முடித்துவிட்டாய். எனக்குப் பிடித்தது அதற்குப் பிறகு நடந்தது. கலிஃபோர்னியாவில் ஃபிரெஸ்னோ பக்கம் ஒரு சின்னப் பள்ளிக்கூடம். அங்கே நூலகத்தைப் பார்த்துக்கொண்டிருந்த அம்மாவும் பிள்ளைகளும் சேர்ந்து, இந்தக் கதையைப் படமாக எடுங்கள் என்று 1980இல் இயக்குநர் ஃப்ரான்சிஸ் ஃபோர்ட் கொப்போலாவுக்குக் கடிதம் எழுதினார்கள். பிள்ளைகள் கையெழுத்தும் போட்டார்கள். 1983இல் படம் வந்தது. அத்தனை பெரிய இயக்குநரைத் திரும்பிப் பார்க்கவைத்தது, ஒரு புத்தகத்தை விரும்பின ஒரு பள்ளிக்கூடத்துப் பிள்ளைகள்தான். எத்தனை பேர் கேட்கிறார்கள் என்று அவர்கள் எண்ணிக்கொண்டிருக்கவில்லை.

இனி நம் ஊர் விஷயத்துக்கு வருகிறேன்.

நான் போஸ்ட் ஆபீசில் இருந்த காலத்தில் புக் போஸ்டில் என்னென்ன வரும் தெரியுமா? ஒரு பக்கம் அம்புலிமாமா, கோகுலம், பையன்களுக்கு லயன் காமிக்ஸ். காமிக்ஸ் வருகிற நாளில் அவர்கள் ஜன்னலுக்கு வெளியே நின்றுகொண்டு, "வந்தாச்சா, வந்தாச்சா" என்று கேட்டுத் துளைத்துவிடுவார்கள். இன்னொரு பக்கம் பெரியவர்களுக்கான வார இதழ்கள், பாறசாலைச் சொந்தம் உள்ள வீடுகளுக்கு மலையாள வாரிகைகள். ஒன்பதாம் வகுப்பு வரும்போது பிள்ளைகள் அம்புலிமாமாவை விட்டுவிடுவார்கள். அப்புறம் படிக்க என்ன இருக்கிறது? பஸ் ஸ்டாண்டு கடையில் தொங்குகிற மாத நாவல்கள். கொலை, கள்ளக்காதல், துப்பறிதல். நானும் அதைத்தான் படித்தேன், நன்றாகவே இருந்தது. ஆனால் பதினைந்து வயதில் எனக்குள் என்ன நடக்கிறது, அம்மாவிடம் சொல்ல முடியாத கோபம் ஏன் வருகிறது, கூட்டுக்காரி பேசாமல் போனால் ஏன் சோறு இறங்க மாட்டேன் என்கிறது, இதை எழுதின புத்தகம் ஒன்றுகூட என் கைக்கு வரவில்லை. படிக்கட்டில் நடுவில் சில படிகள் இல்லாத மாதிரி. சிலர் தாண்டினார்கள், பலர் படிப்பதையே விட்டுவிட்டார்கள்.

உன் அம்மச்சி மட்டும் வேறு. கேரளத்துப் பாறசாலையில் வளர்ந்தவள் இல்லையா, அங்கே கிரந்தசாலை, அதாவது நூலகம் போகிற பழக்கம். பி. என். பணிக்கர் 1945இல் 47 கிராம நூலகங்களைச் சேர்த்துத் திருவிதாங்கூர் கிரந்தசாலைச் சங்கம் தொடங்கியபோது, நம் விளவங்கோடும் திருவிதாங்கூரில்தான் இருந்தது. 1956 நவம்பர் முதல் தேதிக்குப் பிறகு நாம் இந்தத் தமிழ்நாட்டுப் பக்கம், அவர்கள் அந்தக் கேரளப் பக்கம். பணிக்கர் இறந்த ஜூன் 19ஆம் தேதியை வாசிப்பு நாளாக அந்தப் பக்கத்துப் பள்ளிக்கூடங்களில் இன்றைக்கும் கொண்டாடுகிறார்கள். அம்மச்சி உனக்கு மலையாள எழுத்தாளர் பஷீரின் 'பால்யகால சகி'யைச் சொன்னது ஞாபகம் இருக்கிறதா? ஒன்றும் ஒன்றும் எத்தனை என்று கேட்டால் மஜீது, "இம்மிணி பல்ய ஒந்நு", கொஞ்சம் பெரிய ஒன்று, என்பான். நீ கணக்கு வீட்டுப்பாடத்திலும் அப்படியே எழுதிவைத்தாய். 1944இல் வந்த புத்தகம் அது. நீ கேட்டபோது பத்து வயதுகூட இருக்காது. அம்மச்சி முழுக்கதையையும் சொல்லவில்லை, உனக்குத் தாங்குகிற அளவுக்குத்தான் சொன்னாள். மிச்சத்தைப் பிளஸ் டூ முடித்தபிறகு நீயே தேடிப் படித்து அழுதாய். கதையை அப்படித்தான் கைமாற்ற வேண்டும் என்று எனக்குத் தோன்றுகிறது.

இப்போது ஒரு பிள்ளையைப் பற்றிச் சொல்கிறேன். பெயர் வேண்டாம், உனக்கே தெரியும், மேலத்தெருவில் ரப்பர் மரத்தில் பால்வெட்டுகிறவரின் மகள். பிளஸ் ஒன் படிக்கிறாள். இந்த மழைக்காலத்தில், வெட்டுகிற இடம் நனையாமல் பிளாஸ்டிக் கட்டின மரங்களைத்தான் வெட்ட முடிகிறது. காலையில் அப்பா வெட்டிப் பால் எடுத்துவந்தால், இவள் டிஷ்ஷில் ஊற்றித் தண்ணீர் சேர்த்து, ஆசிட் விட்டுக் கலக்கி வைத்துவிட்டுப் பள்ளிக்கூடம் போவாள். சாயங்காலம் வந்து நம் மெஷினில் ஷீட் அடிப்பாள். போன வாரம் போய்ப் பார்த்தால், மெஷினுக்கு மேலே ஜன்னல் கம்பியில் போனைச் செருகிவைத்திருக்கிறாள். வலது கை சக்கரத்தைச் சுற்றுகிறது, இடது கை ஷீட்டைப் பிடித்து உள்ளே தள்ளுகிறது, கண் போனில். ஒட்டுப்பால் நாற்றத்துக்கு நடுவில் உன் குரல் கேட்கிறது! எனக்குக் கொஞ்ச நேரம் ஒன்றும் பேச வரவில்லை.

"மாமி, அந்த அக்கா சொன்ன புத்தகம் இங்க எங்க கிட்டும்?" என்று கேட்டாள். நான் என்ன சொல்வேன்? நம் ஊர் நூலகத்தில் இவள் கேட்கிறது இல்லை. போட்டித் தேர்வுக்குப் புத்தகம் இருக்கிறது, சின்னப் பிள்ளைகளுக்குப் படக்கதை இருக்கிறது. கடையில் வாங்கினால் அப்பாவின் ஒருநாள் கூலியில் பெரும்பகுதி போய்விடும். கிடைத்தாலும் இங்கிலீஷ். நீ இங்கிலீஷில் பேசுவதில் பாதிதான் அவளுக்குப் புரிகிறது. புரிந்த பாதியை வைத்து மீதியை அவளே இட்டுக்கட்டி என்னிடம் சொன்னாள். அவள் சொன்ன முடிவு அந்த நாவலின் முடிவே இல்லை, ஆனால் கொள்ளாம், நன்றாகத்தான் இருந்தது.

இதனால்தான் இரண்டு காரியம் கேட்கிறேன்.

ஒன்று, தமிழிலும் பேசு. இங்கிலீஷில் பேசுவதை விட வேண்டாம், கூடவே தமிழிலும். ஏட்டுத் தமிழ் வேண்டாம், நீ என்னிடம் பேசுகிற தமிழ் போதும்.

இரண்டு, கதையைச் சொல்லு. முடிவைச் சொல்லக்கூடாது, திருப்பத்தை உடைக்கக்கூடாது என்று நீங்கள் எல்லாம் கண்டிப்பாக இருக்கிறீர்கள். புத்தகம் கைக்கெட்டும் தூரத்தில் இருக்கிறவர்களுக்கு அது நியாயம்தான். உனக்கு அயர்லாந்தில் நூலக அட்டைக்குக் காசில்லை, தாமதமாகக் கொடுத்தால் அபராதம் என்பதையும் 2019இல் எடுத்துவிட்டார்கள், உன் ஊரான கார்க்கில் இல்லாத புத்தகத்தை டப்ளினிலிருந்து வரவழைக்கலாம். இந்தப் பிள்ளைக்கு அப்படி இல்லை. அவளுக்கு நீ சொல்வதுதான் புத்தகம். "அருமையான கதை, அவசியம் படியுங்கள்" என்றால் அவள் கையில் என்ன மிஞ்சும்? பாதிக் கதையாவது சொல்லு. அந்தப் பெண் எந்த வீட்டில் இருந்தாள், என்ன சாப்பிட்டாள், யார் மேல் கோபம், எந்த இடத்தில் உனக்குத் தொண்டை அடைத்தது என்று சொல்லு. முடிவை மட்டும் வைத்துக்கொள்.

இன்னும் ஒன்று, கோபப்படாமல் கேள். சில நாவல்களில் பையன் பெண்ணைப் பின்தொடர்கிறான், யாரோடும் பேசாதே என்கிறான், அதைப் பெரிய காதல் என்று எழுதியிருக்கிறார்கள். நீ அதையும் ஆசையாகத்தான் சொன்னாய். பதினாறு வயதுப் பிள்ளை கேட்கிறாள் மக்களே. கதை விறுவிறுப்பாக இருந்தது என்றும் சொல்லு, அந்தப் பையன் செய்தது சரியில்லை என்றும் சொல்லு. அதேபோல உயிரை மாய்த்துக்கொள்வது வருகிற கதையென்றால் தொடக்கத்திலேயே சொல்லிவிடு. எப்படிச் சொல்ல வேண்டும் என்று நர்ஸான உனக்கு நான் சொல்லித்தர வேண்டியதில்லை. பரீட்சை மார்க்குக்குப் பயந்து வாடிப்போகிற பிள்ளைகள் இங்கே நிறைய.

அப்புறம், தமிழில் ஒன்றுமே இல்லை என்று மட்டும் வீடியோவில் சொல்லிவிடாதே. என் காலம் மாதிரி இப்போது இல்லை. எஸ். பாலபாரதியின் 'மரப்பாச்சி சொன்ன ரகசியம்' நம் அலமாரியிலேயே இருக்கிறது. தப்பாகத் தொடுகிறவனைப் பற்றி வெளியே சொல்ல முடியாத பிள்ளையோடு ஒரு மரப்பாச்சி பொம்மை பேசுகிறது. 2020இல் சாகித்ய அகாடமியின் பால சாகித்ய புரஸ்கார் விருது கிடைத்தது. உதயசங்கரின் 'ஆதனின் பொம்மை'க்கு 2023இல் கொடுத்தார்கள், கீழடியை வைத்து எழுதினது. இவை கொஞ்சம் சின்ன வயதுப் பிள்ளைகளுக்குத்தான். பதினாறு, பதினேழு வயதுக்கு இன்னும் எழுத வேண்டும், யாராவது எழுதுவார்கள். அப்படி வாசிக்க ஆள் இருக்கிறது என்று எழுதுகிறவர்களுக்குத் தெரிய வேண்டாமா? உன்னைப் போல நாலு பேர் பேசினால்தானே தெரியும்.

பாலபாரதி புத்தகத்தை நேற்றே அவளுக்குக் கொடுத்துவிட்டேன். 'தி புக் தீஃப்' இன்னும் என்னிடம்தான் இருக்கிறது, அதை நீ தமிழில் பேசினபிறகு கொடுக்கலாம் என்றிருக்கிறேன். கதை தெரிந்தால் இங்கிலீஷில் தட்டுத்தடுமாறியாவது படித்துவிடுவாள். தமிழ் வீடியோவை அதிலிருந்தே ஆரம்பி. அந்த நிலவறைச் சுவரைக் கட்டாயம் சொல்லு.

ஞாயிற்றுக்கிழமை உனக்கு ஆஃப் என்றால் மத்தியானம் கூப்பிடு, இங்கே சாயங்காலமாக இருக்கும், அவளும் ஷீட் அடித்து முடித்திருப்பாள். பக்கத்தில் உட்காரவைக்கிறேன். எந்தெந்த வீடியோவில் எதெது புரியவில்லை என்று நோட்டில் எழுதிவைத்திருக்கிறாள். என்னிடம் காட்ட மாட்டாளாம், அக்காவிடம்தான் கேட்பாளாம்.

சக்கை வற்றல் பொரித்து டப்பாவில் போட்டுவைத்திருக்கிறேன். அங்கே யாராவது லீவுக்கு வந்து திரும்பினால் சொல்லு, கொடுத்துவிடுகிறேன்.

அம்மா