கால் ஏக்கர் பண்ணை வேண்டாம் கண்ணு, ஆத்தா வீட்டைத் தொறக்கலாம்

கண்ணு,

நல்லாருக்கியா சாமி. குட்டிக்கு சளி விட்டுச்சான்னு மொதல்ல சொல்லு. இதுல ஒண்ணு வாங்கிப் போடலாமான்னு நீ அனுப்புன வீடியோவ நானும் அப்பாவும் பாத்தோம். ஆனமலை அடிவாரத்துல கால் ஏக்கர், சுத்தியும் மாமரம், நடுவுல சின்னதா ஒரு காட்டேஜ், நீங்க எந்த நாட்டுல இருந்தாலும் தண்ணி கட்டி மருந்தடிச்சு நாங்களே பாத்துக்கறோம்னு ஒரு பையன் பேசறான். அவன் பின்னாடி தெரியற தோப்பு ஆருதுன்னு உனக்கு அடையாளம் தெரியல போல, அது நமக்குக் கெழக்கால இருந்தவங்க தோட்டம்தான், போன வருசம் வித்துட்டுப் போனாங்கன்னு சொன்னேனே. போன்ல பேசுனா நீ ஒண்ணு சொல்ல நான் ஒண்ணு சொல்ல பாதியில கட் பண்ணிர்றோம், அதான் நிதானமா டைப் பண்ணி அனுப்பறேன், வேலை முடிஞ்சு வந்து பொறுமையா படி.

மொதல்ல ரூலைச் சொல்லிர்றேன். வெளிநாட்டுல இருக்கற நம்மாளுக இங்க வீடு வாங்கலாம், ஃபிளாட் வாங்கலாம், ஆனா விவசாய நிலம், எஸ்டேட்டு, பண்ணை வீடு இதெல்லாம் விலைக்கு வாங்கக் கூடாது, அப்பன் பாட்டன் சொத்தா வந்தா வெச்சுக்கலாம். இது மாப்பிள்ளைக்கும் தெரிஞ்சிருக்கும், அதனாலதான் உங்க பேர்ல எழுதிக்கலாம்மான்னு கேக்கற. எம் பேரை அதுக்குக் குடுக்க மாட்டேன் கண்ணு. கோவிச்சுக்காத. ரூலு இல்லாட்டியும் இதேதான் சொல்லியிருப்பேன், ஏன்னு சொல்றேன்.

வித்தவங்களை நான் குத்தம் சொல்லல. 2016ல தென்னைக்குச் சுருள் வெள்ளை ஈ வந்துச்சு, ஓலையெல்லாம் கரும்பூசணம் புடிச்சு காய்ப்பு கொறஞ்சு போச்சு, அதுல இருந்து எந்திரிக்கறதுக்குள்ள வேர்வாடல் நோவு கேரளாப் பக்கம் இருந்து எறங்கிருச்சு, அதுக்கு மருந்தே கெடையாது, முத்துன மரத்தை வெட்டி எடுத்தே ஆகோணும். முப்பது வருசம் வளத்த மரத்தை ஜேசிபி வெச்சு சாய்க்கறப்ப பக்கத்துத் தோட்டத்து அண்ணன் அந்தப் பக்கமே வரல. பசங்க எல்லாம் உன்னை மாதிரி வெளிய போயிட்டாங்க, தேங்கா போட ஆள் இல்ல, தோப்பை வெச்சுட்டு என்ன பண்றதுன்னு கேட்டா எங்கிட்ட பதில் இல்ல. அந்த நேரத்துல கோயமுத்தூர்ல இருந்தும் பெங்களூர்ல இருந்தும் ஒருத்தர் வந்து, விவசாயம் பண்ணி எத்தனை தலைமொறைக்கும் சம்பாதிக்க முடியாத காசை ஒரே கையெழுத்துல தர்றேங்கறாரு, ஆருதான் விக்காம இருப்பாங்க. நம்ம தமிழ்நாட்டுல விவசாயி அல்லாதவங்களும் தோட்டம் வாங்கலாம், தடையில்ல, கர்நாடகாவுல இருந்த தடையையும் 2020ல எடுத்துட்டாங்க.

ஆனா வாங்கினதுக்கு அப்பறம் ஊருக்கு என்ன ஆச்சுன்னு நீ வருசத்துக்கு ஒருக்கா வந்துட்டுப் போறதால உனக்குத் தெரியாது. நான் 2020 சனவரில இருந்து 2025 சனவரி வரைக்கும் வார்டு மெம்பரா இருந்தேன்ல, ஒவ்வொண்ணும் எங்கிட்டதான் வந்துச்சு.

தண்ணியில இருந்து சொல்றேன். ஆழியாத்துப் பழைய ஆயக்கட்டு, அதான் வாய்க்காத் தண்ணி பாயற நெலம், மொத்தம் 6,400 ஏக்கர், பெரியணை, காரப்பட்டி, அரியாபுரம், பள்ளிவிளங்கால், வடக்கலூருன்னு அஞ்சு வாய்க்கா. அணை கட்டுனது 1962ல, இந்த வாய்க்காலெல்லாம் அதுக்கு எத்தனையோ காலத்துக்கு முந்தி வந்தது. இதுல பாசனம் எப்படின்னு உனக்குத் தெரியும், மேல் வயல் வழியாத்தான் கீழ் வயலுக்குத் தண்ணி எறங்கோணும், அதுக்கு ஒரு மொறை இருக்குது, ராத்திரி ரெண்டு மணின்னாலும் எந்திரிச்சுப் போயி மடை மாத்தியுடோணும். இப்ப மேல் வயலை ஒருத்தர் வாங்கி செம்மண் கொட்டி மேடாக்கி சுத்தியும் காம்பவுண்டு கட்டிட்டாரு. அவரு கெட்டவர் இல்ல, அந்த எடத்துல ஒரு கொப்பு வாய்க்கா ஓடுதுன்னே அவருக்குத் தெரியாது, வித்தவங்களும் சொல்லல. கீழ இருக்கறவங்க கேக்கப் போனா கேட் பூட்டியிருக்குது, வாட்ச்மேன் நேப்பாளத்துப் பையன், அவனுக்கு ஓனர் நம்பர் மட்டுந்தான் தெரியும். ஓனர் போனை எடுக்கறது ஞாயித்துக்கெழமை. நாத்து காயறது ஞாயித்துக்கெழமை வரைக்கும் காத்திருக்குமா சொல்லு. பொதுப்பணித்துறை ஆபீசுக்கு மனு எழுதி மனு எழுதி ஒரு போகமே போயிருச்சு, கடைசியில சுவத்துக்கு அடியில பைப்பு போட்டு விட்டாரு. அதுவும் குப்பை அடைச்சா மறுபடி வாட்ச்மேன்தான்.

வண்டித்தடமும் அப்படித்தான், பத்திரத்துல மாமூல் தடம், அதான் காலங்காலமா போய் வர்ற வழின்னு ஒரு வரி இருக்கும், அதுக்கு மேல கேட் போட்டா ஆரு போயி அளக்கறது. நீச்சல் குளம் கட்டி ஆயிரம் அடி போர் போட்டு ரொப்பறாங்க, பக்கத்துத் திறந்த கெணறு மாசியிலயே தரை தெரியுது. ஊருக்குள்ள ஒரு ஆளுக்கு ஒரு நாளைக்கு 55 லிட்டர்னு ஜல் ஜீவன் குடிதண்ணித் திட்டத்துல கணக்குப் போட்டு குழாய் குடுத்திருக்காங்க, அதையே முழுசா ஏத்தி விட முடியாம நாங்க மோட்டாருக்கு அலைஞ்சோம்.

சரி இதெல்லாம் தோட்டத்துப் பிரச்சனை, பேசித் தீத்துக்கலாம். எனக்கு வயித்தெரிச்சலா இருக்கறது வீட்டு விசயந்தான்.

நம்ம தோப்புல தேங்கா போடற அண்ணனை ஞாபகம் இருக்குதுல்ல, உனக்கு எளநி வெட்டிக் குடுப்பாரே. அவரு பையனுக்குக் கல்யாணம் ஆயிருச்சு, அப்பன் ஆத்தா, தம்பி, இவன் சம்சாரம், கைக்கொழந்தை, எல்லாரும் காலனியில அந்த ஒரே தொகுப்பு வீட்டுக்குள்ளதான் இருக்காங்க. மேல கான்கிரீட் பேந்து பேந்து விழுது. கலைஞர் கனவு இல்லத்துல 360 சதுர அடி வீடு கட்ட மூணரை லட்சம் தர்றாங்கல்ல, அதுல எழுதிக் குடுக்கலாம்னு நானே ஃபாரம் வாங்கிட்டு வந்தேன். ஆனா சொந்தமா எடம் இருக்கோணும், பட்டா இருக்கோணும். ரெண்டு சென்ட்டு ஆரு குடுப்பா. முன்னெல்லாம் தோட்டத்துக்காரங்க ரோட்டோரம் ஒரு மூலையில ரெண்டு சென்ட்டு மூணு சென்ட்டு கொறஞ்ச வெலைக்கு எழுதிக் குடுத்துருவாங்க, கொஞ்சங் கொஞ்சமா கடன் கட்டிக்குவாங்க. இப்ப அதே மூலையைக் கேட்டா பண்ணை வீட்டு ரேட்டு சொல்றாங்க. அரசாங்கம் வீட்டுக்குத் தர்ற மொத்தக் காசையும் போட்டாக்கூட எடமே முடியாது. நீ பாத்த வீடியோக்காரங்க கால் கால் ஏக்கரா பிரிச்சு தோட்டமாவே பத்திரம் போட்டுத் தர்றாங்க, சைட்டுன்னு சொன்னா டிடிசிபி, அதான் நகர் ஊரமைப்புத் துறை, அப்ரூவல் வாங்கி ரோட்டுக்கும் பார்க்குக்கும் எடம் விடோணும்ல. ஒவ்வொரு கால் ஏக்கரும் விக்கறப்ப ஊரு முழுக்க ரேட்டு ஏறுது. இந்தப் பையன் கேக்கறது ரெண்டே ரெண்டு சென்ட்டு கண்ணு. பொறந்து வளந்த ஊர்ல.

வாடகைக்கும் வீடு இல்ல. ஊர்ல பூட்டிக் கெடக்கற வீடு ஏகப்பட்டது இருக்குது, ஆனா வாடகைக்குக் கேட்டா இல்லைங்கறாங்க, ஏன்னா வெள்ளையடிச்சு ஒரு ஊஞ்சலைக் கட்டி ஹோம்ஸ்டேன்னு போர்டு வெச்சா சனி ஞாயிறு ரெண்டு நாள்ல ஒரு மாச வாடகை வந்துருது. இன்னொண்ணும் சொல்லோணும், மனசுல ரொம்ப நாளா இருக்குது. காசோட வர்றவங்களுக்கு ஆரு என்னன்னு கேக்காம தோட்டத்தையே வித்துர்றாங்க, நம்ம தோட்டத்துல தலைமொறை தலைமொறையா வேலை செஞ்சவங்க வளவுக்குள்ள ஒரு வீடு வாடகைக்குக் கேட்டா மட்டும் மூஞ்சியத் திருப்பிக்கறாங்க. எனக்கு இது பொறுக்கல. மெம்பரா இருந்தப்பவும் சொன்னேன், இப்பவும் சொல்றேன், கேக்கறவங்க கம்மி.

வெளிய இருந்து வர்றவங்களே ஆகாதுன்னு நான் சொல்றதா நெனச்சுக்காத. நார் மில்லுக்கு பீகார்ல இருந்தும் ஒடிசாவுல இருந்தும் வந்திருக்காங்கல்ல, அவங்களும் புதுசா வந்தவங்கதான். நீ படிச்ச ஸ்கூல்ல பிள்ளைக கொறஞ்சு கொறஞ்சு மூடற நெலமைக்கு வந்துருச்சு, ஊர்க்காரங்க பிள்ளைகளை எல்லாம் மஞ்சக் கலர் வேன்ல ஏத்தி பொள்ளாச்சிக்கு அனுப்பிட்டாங்க. இப்ப அந்த ஸ்கூலைத் தாங்கிட்டு இருக்கறது இந்த வடக்கத்திப் பிள்ளைகதான். 2023 ஆகஸ்ட்ல காலைச் சாப்பாடு எல்லா அரசுத் தொடக்கப்பள்ளிக்கும் வந்துச்சு, அதுக்கப்பறம் ஒரு பிள்ளையும் லேட்டா வர்றதில்ல. ஒரு சின்னப் புள்ள, அப்பன் ஆத்தாவுக்கு ஒரு வார்த்தை தமிழ் வராது, அது ஆத்திசூடி சொல்றதைக் கேட்டா உனக்கு அழுகை வந்துரும். அவங்க அம்மா ரேசன் கடை, ஆஸ்பத்திரி எல்லாத்துக்கும் அந்தப் புள்ளையத்தான் பேசறதுக்குக் கூட்டிட்டு வருது. அவங்க குடியிருக்கறது மில்லுக்குப் பின்னால தகர செட்டு, வெயில்ல உள்ள நிக்க முடியாது. அவங்களுக்கும் ஒரு நல்ல வீடு இந்த ஊர்ல கெடைக்கோணும்.

அப்பறம் கொரோனா சமயத்துல மெட்ராஸ்ல இருந்து வந்தாங்களே ஒரு புருசன் பொண்டாட்டி, வீட்ல இருந்தே கம்ப்யூட்டர் வேலை பாக்கறவங்க. வடக்கு வளவுல அந்தப் பாழடைஞ்ச வீட்டை வாடகைக்கு எடுத்து, ஓட்டையெல்லாம் அடைச்சு, அங்கயே இருக்காங்க. மொதல்ல எல்லாரும் என்ன ஆளுக என்ன ஆளுகன்னு தொளைச்சு எடுத்தாங்க. அந்தப் பொண்ணு ஆருகிட்டயும் கோவிச்சுக்கல. பால் நம்ம சொசைட்டியிலதான் வாங்குது, பிள்ளையை நம்ம ஸ்கூல்லதான் சேத்துச்சு, பக்கத்து வீட்டுப் பெரியவரு தவறுனப்ப எழவு வீட்டுக்கு வந்து பொம்பளைங்களோட உக்காந்துட்டு சாயங்காலம் வரைக்கும் எந்திரிக்கல. மாரியம்மன் நோம்பிக்குக் குடும்பத்துக்கு இவ்வளவுன்னு போடற தலைக்கட்டு வரியை எங்களுக்கும் போடுங்கன்னு அதாவே வந்து கேட்டுச்சு. பண்ணை வீட்டுக்காரங்க நோம்பிக்குப் பெரிய பெரிய தொகை நன்கொடை தர்றாங்க, பேனர்ல பேரு வருது, ஆனா கம்பம் சுத்திப் பொட்டு வெச்சு ஆடறதுக்கும் பந்தல்ல சோறு போடறதுக்கும் ஆளு வேணும்ல. அந்தப் பொண்ணோட புருசன் வந்து வாளி தூக்கறான். இப்ப அவங்களை ஆரும் என்ன ஆளுன்னு கேக்கறதில்ல.

அதனால எனக்குப் பட்டது என்னன்னா, வர்றவங்க எந்த ஊரு, எவ்வளவு காசுங்கறதில்ல கண்ணு, வந்து இருக்கறாங்களா பூட்டிட்டுப் போறாங்களாங்கறதுதான். நீ வாங்கச் சொல்ற காட்டேஜ் வருசத்துல எத்தனை நாள் தொறந்திருக்கும்னு நீயே சொல்லு.

இது உனக்கும் தெரியாத விசயம் இல்ல. நீங்க லீவுக்குப் போயிட்டு வந்து நீதானே போன்ல சொன்ன, அங்க இங்கிலாந்துல கார்ன்வால்ல செயின்ட் ஐவ்ஸ்னு கடலோர ஊர்ல லண்டன்காரங்க வீடா வாங்கிப் பூட்டிப் போட்டு, ஊர்ப் பசங்க குடியிருக்க எடமில்லாம, 2016ல ஊரே ஓட்டுப் போட்டு இனிமேப் புதுசாக் கட்டற வீட்டுல அங்கயே நெலையா குடியிருக்கறவங்கதான் இருக்கோணும்னு முடிவு பண்ணுனாங்கன்னு. நூத்துக்கு எம்பது பேருக்கு மேல ஆமான்னு போட்டாங்கன்னு நீ அவ்வளவு ஆசையா சொன்ன. ஆனா பழைய வீட்டை ஆரு வேணா வாங்கலாம், அந்த ஓட்டை அப்படியே இருக்குதுன்னும் வருத்தப்பட்ட. வேல்ஸ்லயும் 2023 ஏப்ரல்ல இருந்து ரெண்டாவது வீட்டுக்கு வழக்கமான வரிக்கு மேல இன்னும் மூணு மடங்கு வரைக்கும் கவுன்சில் போடலாம்னு வந்துச்சாம்ல. நம்ம பஞ்சாயத்துல அப்படி எதுவும் இல்ல, பூட்டுன வீட்டுக்கும் ஆள் இருக்கற வீட்டுக்கும் ஒரே மாதிரிதான் வீட்டு வரி. அங்க அந்த ஊர்ப் பசங்களுக்காகப் பேசுன நீ, இங்க நம்ம தேங்கா போடற அண்ணன் பையனையும் கொஞ்சம் நெனச்சுப் பாரு சாமி.

இப்ப கேக்க வந்ததைக் கேக்கறேன். ஆத்தா உம் பேர்ல எழுதி வெச்சுட்டுப் போன வீடும் பூட்டித்தான் கெடக்குது. நத்தம் பட்டா, வில்லங்கம் ஒண்ணும் இல்ல, உனக்குச் சொத்தா வந்தது, அதனால ரூலும் குறுக்க வராது. நம்ம துணை சுகாதார நிலையத்துக்குப் புது நர்சம்மா வந்திருக்காங்க, தருமபுரிப் பக்கம், கைக்கொழந்தையும் அவங்க அம்மாவும் கூட. குவார்ட்டர்ஸ் இடிஞ்சு கெடக்குது, ஊர்ல ஒரு வீடு அமையல, தெனமும் பொள்ளாச்சியில இருந்து ரெண்டு பஸ் மாறி வர்றாங்க, சாயங்காலம் அஞ்சு மணி பஸ்சை விட்டா போக முடியாதுன்னு ஓடறாங்க. ராத்திரி ஒரு பொண்ணுக்கு வலி எடுத்தா ஊர்ல ஆரு இருக்கா. அவங்களுக்கு ஆத்தா வீட்டை வாடகைக்குக் குடுக்கலாம்னு இருக்கேன். அவங்க என்ன சாதின்னு நான் கேக்கல, நீ கேக்க மாட்டேன்னு தெரியும், அப்பாவும் கேக்கக் கூடாதுன்னு சொல்லிட்டேன், அவரு மொனகுனாரு, நான் பாத்துக்கறேன்.

வேலை கொஞ்சம் இருக்குது. ஆசாரத்து மேல ஓடு மாத்தோணும், ரெண்டு சட்டம் கரையான் அரிச்சிருக்குது. வயரிங் பூராத்தையும் எடுத்துட்டுப் புதுசாப் போடோணும். பொடக்காலியில இருக்கற கக்கூஸ் வேண்டாம், உள்ளயே பாத்ரூம் எடுக்கலாம்னு கொத்தனார் அளந்துட்டுப் போனாரு. காட்டேஜுக்கு அட்வான்ஸ் கட்ட எடுத்து வெச்ச காசுல ஒரு பங்கு இதுக்குப் போதும். ஆத்தாவோட பீரோவும் உன்னோட புக்கு மூட்டையும் அட்டாலியில இருக்குது, அதை நம்ம தோட்டத்துச் சாளைக்கு மாத்திர்றேன், ஒண்ணும் தூக்கிப் போட மாட்டேன்.

நீங்க வர்றப்ப எங்க தங்கறதுன்னு மாப்பிள்ளை கேப்பாங்க. எங்க தங்கறது, எங்ககூடத்தான். மேல ரூம்ல ஏசி போட்டாச்சு, குட்டிக்குக் கொசுவலையும் வாங்கி வெச்சாச்சு.

ஆனி மழை புடிக்கறதுக்குள்ள ஓடு வேலை முடியோணும், ஓட்டுக்காரரு வெள்ளிக்கெழமைக்குள்ள சொல்லச் சொல்லியிருக்காரு. மாப்பிள்ளைகிட்ட கேட்டுட்டு வியாழக்கெழமை ராத்திரிக்குள்ள ஒரு வார்த்தை சொல்லு. வாடகை எவ்வளவு வாங்கலாம்னும் சொல்லு, கம்மியாச் சொல்லு.

அம்மா