பத்மினிக்கு பெயின்ட் அடிக்கும் முன்: கண்ணாடியைக் கழற்றுவதா, வேண்டாமா?

அன்புள்ள தம்பிக்கு,

உன் பிரீமியர் பத்மினி காரின் முன் கண்ணாடியைக் கழற்ற வேண்டாம், டேப் ஒட்டியே அடித்துத் தருகிறேன் என்று பெயின்டர் சொல்கிறார். கழற்றினால் உடைந்துவிடுமோ என்று உனக்கும் பயம். என்னைக் கேட்டால், கழற்று. ஆனால் கண்ணாடியைச் சுற்றிப் பிடிக்கும் புது பீடிங் ரப்பர் கைக்கு வரும்வரை யாரையும் கண்ணாடிமேல் கை வைக்க விடாதே.

இந்தக் காலத்து வண்டிபோல பத்மினியின் கண்ணாடியைப் பசை போட்டு ஒட்டவில்லை. ரப்பர்தான் பிடித்துக்கொண்டிருக்கிறது. அதன் ஒரு காடியில் (பள்ளத்தில்) கண்ணாடி, இன்னொரு காடியில் பாடியின் விளிம்புத் தகடு. வெளிப்பக்கம் ரப்பரின் உதடு பாடிமேல் படிந்து கிடக்கும். அந்த உதட்டுக்கு அடியில் உப்புத்தாளும் போகாது, பிரைமரும் போகாது. டேப் ஒட்டி அடித்தால் புது பெயின்ட் ரப்பர் ஓரத்தில் மெல்லிய படிபோல முடியும். தண்ணீர் அங்கேதான் புகும், பெயின்ட் உரிய ஆரம்பிப்பதும் அங்கேதான். போதாததற்கு, பல வருஷம் பூசிய பாலிஷின் சிலிகான் அந்த ஓரத்தில் ஊறியிருக்கும். அதன்மேல் பெயின்ட் பிடிக்காமல் சின்னச் சின்னக் குழியாக விலகும். நிறத்தை மாற்றுகிறாய் என்றால், ரப்பர் சுருங்கும்போது பழைய நிறம் ஒரு கோடாக எட்டிப் பார்க்கும்.

இதெல்லாம் அழகு சம்பந்தப்பட்டது. துருதான் பெரிய விஷயம். கண்ணாடியின் கீழ் மூலை இரண்டிலும் ரப்பர் உதட்டை ஒரு பிளாஸ்டிக் ஸ்பூன் காம்பால் மெதுவாகத் தூக்கிப் பார். பழுப்புப் பொடி உதிர்ந்தாலோ, பெயின்ட் கொப்புளித்திருந்தாலோ, மழைக்குப் பிறகு கால் வைக்கும் இடத்தில் மேட் ஈரமாக இருந்தாலோ, மேற்கொண்டு பேச ஒன்றுமில்லை, கண்ணாடி வெளியே வந்தே ஆக வேண்டும்.

கண்ணாடி உடைவது பெரும்பாலும் பழைய ரப்பரைக் காப்பாற்றப் பார்ப்பதால்தான். காய்ந்து கல்லாகிவிட்ட ரப்பரிலிருந்து கண்ணாடியைக் காலால் உதைத்துத் தள்ளினால் உடையாமல் என்ன செய்யும்? வைப்பர் கைகளையும், ரப்பரில் பளபளப்புப் பட்டை இருந்தால் அதையும் முதலில் எடுக்கச் சொல். பிறகு வெளிப்பக்கம் கண்ணாடியைப் பிடித்திருக்கும் உதட்டைக் கத்தியால் சுற்றிலும் அறுத்து எறியட்டும். பிடிமானம் போய்விடும். உள்ளிருந்து ஒருவர் மேல் மூலையில் உள்ளங்கையால் அழுத்த, வெளியே இருவர் ஏந்திக்கொள்ளலாம். எடுத்த கண்ணாடியைப் படுக்க வைக்கக் கூடாது. வளைந்த கண்ணாடி தன் எடையிலேயே விரிசல் விடலாம். போர்வை விரித்து, கீழ் ஓரம் தரையில் படும்படி சாய்த்து வை.

உன் கண்ணாடி எந்த வகை என்பதையும் பார்த்துக்கொள். ஓரத்தில் இரண்டு அடுக்கு தெரிந்தால் லாமினேட்டட், அதாவது நடுவில் பிளாஸ்டிக் ஏடு வைத்து ஒட்டியது. ஒரு முனையில் மட்டும் அழுத்தம் விழுந்தால் கீறல் ஓடும். ஒற்றை அடுக்காக இருந்தால் பெரும்பாலும் டஃபன்டு, அதாவது சூடாக்கி உறுதியாக்கியது. போலரைஸ்டு கூலிங்கிளாஸ் போட்டுப் பார்த்தால் அதில் திட்டுத்திட்டாக நிழல் தெரியும். அதன் ஓரத்தில் திருப்புளி முனை பட்டால் மொத்தமும் பொடிப்பொடியாகும். ஆக, ரப்பரை அறுக்கும் கத்தி தவிர இரும்புக் கருவி எதுவும் கிட்டே வரக் கூடாது.

கண்ணாடி வெளியே வந்தபின் விளிம்புத் தகட்டை வெறும் இரும்புவரை சுரண்டச் சொல். ஓட்டை இருந்தால் புதுத் தகடு வெட்டி வெல்டிங். பட்டி பூசி மூடுவதாகச் சொன்னால் சம்மதிக்காதே. ரப்பர் இறுகப் பிடிக்கும் இடம் அது. பட்டி பொரிந்து உதிரும், தகட்டின் கனமும் மாறிவிடும். எபாக்சி பிரைமருக்கு மேல் பெயின்ட் மெல்லிசாக இருந்தால் போதும்.

பலரும் தவறவிடும் ஒரு கட்டம் இருக்கிறது. பிரைமர் காய்ந்ததும், நிறம் அடிப்பதற்கு முன்பே, புது ரப்பரோடு கண்ணாடியை ஒருமுறை மாட்டிப் பார்த்துவிட வேண்டும். இப்போது கடையில் கிடைக்கும் ரப்பர்கள் எல்லாம் ஒரே அளவில் வருவதில்லை. மூலையில் தூக்கிக்கொண்டு நின்றால் அப்போதே கடைக்காரரிடம் மாற்றிவிடலாம். பெயின்ட் முடிந்தபின் தெரிய வந்தால் கீறல்தான் மிச்சம்.

கடைசியாக மாட்டுவதற்கு முன் பியூ (பாலியூரிதேன்) பெயின்டுக்கு ஒரு வாரமாவது விடு. ரப்பரைக் கண்ணாடியில் பூட்டி, வெளிக் காடியில் 5 மில்லிமீட்டர் நைலான் கயிற்றைச் சுற்றிலும் செருகி, இரு நுனியும் கீழே நடுவில் ஒன்றன்மேல் ஒன்று படியும்படி உள்பக்கம் தொங்கவிட வேண்டும். சோப்புத் தண்ணீர் தடவி, வெளியே ஒருவர் தட்டித் தட்டி அழுத்த, உள்ளே ஒருவர் கயிற்றை இழுத்தால் உள்பக்க உதடு தகட்டைத் தாண்டி உட்காரும். பெயின்ட் முழுசாகக் காயாமல் இருந்தால் அந்தக் கயிறே அதை வழித்துவிடும். ஒழுகினால் இறுகாத வகை விண்ட்ஷீல்டு சீலன்ட் போடு. புளிப்பு வாடை அடிக்கும் சாதாரண சிலிகான் வேண்டாம். அதிலிருந்து வரும் அமிலம் தகட்டைத் துருப்பிடிக்க வைக்கும்.

இதுவே மாற்றுக் கண்ணாடி கிடைப்பது அரிதான ஸ்டாண்டர்டு ஹெரால்டு என்ற பழைய காராக இருந்து, ரப்பரும் மெத்தென்று, மூலைகளும் சுத்தமாக இருந்தால், கழற்றாதே என்றுதான் சொல்வேன். அப்போது ரப்பர் உதட்டுக்கு அடியில் மெல்லிய பிளாஸ்டிக் ஒயரைச் சுற்றிலும் செருகித் தூக்கிவிட்டு, தூக்கிய உதட்டின் மேல்தான் டேப் ஒட்ட வேண்டும். பெயின்ட் கொஞ்சமாவது உள்ளே போகும். ஒயரை உருவியதும் உதடு அந்த ஓரத்தை மூடிக்கொள்ளும்.

அன்புடன்,
அண்ணன்